நூலளவும் நாழிகையும்

1956ஆம் ஆண்டளவில் எமது கல்லூரியிற் பூமிசாத்திரம் கற்பித்த ஆசிரியர், தேசப்படத்தையும் ஒரு துண்டு நூலையும் எம்மிடந் தந்து, பலாலியிலிருந்து இரத்மலானைக்கும் சென்னைக்குமுள்ள தூரங்களை அளக்கப் பணித்தார். தெற்கே ஏறத்தாழ 204 மைல். வடக்கே 220 மைல். பதினாறு மைலே வேற்றுமை என்பதை யான் நம்பவில்லை. மேல்வகுப்பிற் பயின்ற என் அண்ணரும் நம்பவில்லை. "நூலை இழுத்துப் பிடித்தாயோடா?" என்று கேட்டுத் தாமே அளந்து பார்த்தபின்புதான் ஓய்ந்தார்.

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, எங்கள் பலாலியில் இறங்கியே சென்னை சென்றது. யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. டக்கோட்டா விமானத்துக்கு அங்கிருந்து சென்னை சேர ஒன்றரை மணித்தியாலம் போதும்.

பின்னாளில் அவ்வழி அடைபட்டது. அண்ணரோ சென்னையிற் குடியேறிவிட்டார். 2017 டிசம்பரில் ஒரு நண்பகல் அவர் காலமான செய்தி வந்தது. விசா கையிலிருந்தது, பணமும் இருந்தது. இரவு முழுவதும் பேருந்தில் தெற்கு நோக்கிச் சென்றேன். கட்டுநாயக்காவிற் காலை விமானத்தில் இடமில்லை. பிற்பகல் விமானமே கிடைத்தது. அங்கிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 644 கிலோமீற்றர். தேசப்படத்தில் அவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள்: கோடு எங்கள் குடாநாட்டின் மேலாகவே செல்லும், பலாலிக்கு ஆறேழு கிலோமீற்றர் மேற்கே. புறப்பட்ட வீட்டுக்கு மேலாகவே திரும்பிப் பறப்பதற்கு ஓர் இரவும் ஒரு பகலும் செலவிட்டேன். யான் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. அவர்களைக் குறைகூற முடியாது. எத்துணை நேரந்தான் காத்திருப்பர்?

2019 அக்டோபரிற் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11ஆம் நாள் சென்னைச் சேவையுந் தொடங்கியது. டிசம்பரில் அண்ணரின் திவசத்துக்கு அவ்வழியே சென்றேன். சிறிய ஏ.டி.ஆர். விமானம், 355 கிலோமீற்றர், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வல்லிபுரக் கோபுரத்தைத் தேடிச் சன்னலோரம் குனிந்தேன், காணவில்லை. விமானம் வடக்கே செல்ல, கோயிலைக் கிழக்கே எவ்வளவு தொலைவில் விட்டுவந்தோம் என்பதை மறந்த பூமிசாத்திர மாணவன் யான்! அதற்குள் கடல் வந்துவிட்டது.

(பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. இளையோர் இன்று அதனைப் புதுமையாகக் கருதுவதில்லை; நன்று.)

மீனம்பாக்கத்தில் அண்ணரின் மகன் நின்றிருந்தான். "களைத்துப் போனீர்களோ, குஞ்சியப்பா?" என்றான். வீட்டிற் காலையிற் கட்டித்தந்த இடியப்பப் பொதி இன்னும் அவிழாமல் என் பையிலிருந்தது. அதனை அவன் கையிற் கொடுத்தேன்.