விரலிடம் கேள்

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் புதிதாகப் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கிற தம்பிகளுக்கு வெர்னியர் பிடிக்கவும், டூல் தீட்டவும், சக்கில் ஜாப்பைச் சரியாகக் கட்டவும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. கையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. “வேஸ்ட் துணியைச் சுத்திக்கிட்டு வேலையைப் பாரு” என்பதுதான் காலங்காலமாக நடக்கிற பாடம். ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தம்பி: அந்தப் பாடம் எத்தனையோ பேரின் விரலைத் தின்றிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்பதைப் பட்டறைக்காரர்கள் இரண்டை வைத்து முடிவு செய்கிறார்கள். ரத்தம் எவ்வளவு போகிறது, வலி எவ்வளவு இருக்கிறது. இரண்டுமே ஏமாற்றும். விரல் நுனியில் ரத்தக்குழாய்கள் நெருக்கம். லேத்துச் சுருள் லேசாகக் கீறினாலும் தரையெல்லாம் சொட்டும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் நின்றுவிடும், சில நாளில் ஆறியும் போகும். ஆனால் தகடு வெட்டும்போது விளிம்பு உள்ளங்கைப் பக்கம் அரை இஞ்சுக்குள் இறங்கினால், அதிக ரத்தம் இல்லாமலேயே உள்ளே தசைநாணும் நரம்பும் அறுந்து கிடக்கலாம். மேலே பார்த்தால் சின்னக் கோடுதான்.

வலியின் கதை இன்னும் மோசம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்தார். விரல்களை நோய் அரித்துத் தின்கிறது என்று ஊரே நம்பியிருந்த காலம் அது. உணர்ச்சி போன கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது, கவனிப்பில்லாத அந்தக் காயங்களால்தான் விரல் குறைகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பட்டறையில் வேலை செய்கிற நாம் மறக்கக் கூடாத உண்மை இது. வெட்டுப்பட்ட விரலில் வலி இல்லையென்றால் நிம்மதிப் பெருமூச்சு விடாதே. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே அறுந்திருக்கலாம்.

அதனால் ரத்தத்தையும் வலியையும் விட்டுவிட்டு விரலிடமே கேள். முதலில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஆயிலும் கூலண்டும் போகக் கழுவு. மோதிரம் போட்டிருந்தால் அந்த நிமிடமே கழற்று. விரல் வீங்கிய பிறகு அது இறங்காது, ரத்த ஓட்டத்தையும் இறுக்கும். பிறகு அடிபட்ட விரலின் நகத்தை அழுத்திவிடு. வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வெளுத்தே இருந்தால், அல்லது விரல் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தால், அதற்கு மேல் சோதனை எதுவும் தேவையில்லை, கிளம்பு.

அடுத்தது உணர்வு. கண்ணை மூடிக்கொள். பக்கத்தில் நிற்பவர் காகித நுனியால் விரல் நுனியின் இடது ஓரத்தைத் தொடட்டும், பிறகு வலது ஓரத்தை. ஒவ்வொரு விரலுக்கும் இருபுறமும் ஒவ்வொரு நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தாலும் அந்தப் பக்க நரம்பு அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள். இந்தச் சோதனையை மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஊசி போட்ட பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சில சின்னக் கிளினிக்குகளில் அவசரத்தில் இதைப் பார்க்காமலேயே தையல் போட்டு அனுப்பிவிடுவதுண்டு. நீயே வாய் திறந்து, “டாக்டர், இந்த ஓரம் மரத்திருக்குங்க” என்று சொல்.

அசைவைச் சோதிக்கும்போதுதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கையை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு, “எல்லாம் வேலை செய்யுது” என்று சொல்லிவிடுவார்கள். ஒரு விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. ஒன்று நடு மூட்டை மடக்கும், இன்னொன்று நுனி வரை போய் நுனி மூட்டை மடக்கும். நுனிக்குப் போவது அறுந்தாலும் நடு மூட்டு மடங்கத்தான் செய்யும், பார்க்கிறவருக்கு விரல் நன்றாக இருப்பது போலத் தெரியும். ஆகவே நடு மூட்டை மறு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பார். கையின் மேல்பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் விரலை நேராக நீட்ட முடிகிறதா, நுனி தொங்குகிறதா என்று பார். பலம் கொடுத்து இழுத்தோ எதையாவது தூக்கியோ சோதிக்க வேண்டாம். பாதி அறுந்த தசைநாண் இன்றைக்கு வேலை செய்துவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சக் சாவியைத் திருகும்போது மீதியும் அறுந்து போகும். அறுந்த முனை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டால், நாள் ஆக ஆக அதைத் தேடிப் பிடித்து ஒட்டுவது கடினம். எனவே காயம் ஆழமாக இருந்து உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதாவது தெரிந்தால், விரல் எவ்வளவு நன்றாக மடங்கினாலும் போய்க் காட்ட வேண்டும்.

இத்தனை சோதனையிலும் தேறிவிட்டு, பிறகு கையையே கெடுக்கிற காயம் ஒன்று உண்டு. கிரீஸ் கன், டீசல் இன்ஜெக்டர் சோதனை, பெயிண்ட் ஸ்பிரே, ஹைட்ராலிக் ஓஸில் விழுந்த ஊசித்துளை, இவற்றிலிருந்து பீறிடும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜெக்டர் தெளிக்கும் அழுத்தம் பழைய இன்ஜின்களிலேயே 200 பார் அளவுக்கு இருக்கும். நம் பட்டறைக் கம்ப்ரஸர் காற்று ஏழெட்டு பார்தான். மேலே முள் குத்தியது போல ஒரு புள்ளி, ரத்தமே இருக்காது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வலியும் பெரிதாக இராது. உள்ளே அந்த எண்ணெய் தசைநாண் உறை வழியாக உள்ளங்கை வரை ஓடிப் பரவியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஓஸில் எங்கே ஒழுகுகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்தவன், புள்ளியைத் துடைத்துவிட்டு ஷிஃப்டை முடித்தான். ராத்திரி விரல் வீங்கிக் கறுத்தது. கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒழுகலைத் தேட அட்டைத் துண்டு போதும், தம்பி. தப்பித்தவறி உள்ளே போய்விட்டால் அதே மணி நேரத்தில், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கே போ. எந்த எண்ணெய் என்று தெரிய அதன் டப்பாவையும் கையோடு எடுத்துப் போ. “சின்னப் புள்ளிதானே” என்று அங்கே யாராவது ஊசி போட்டு அனுப்பப் பார்த்தாலும் அழுத்தத்தில் உள்ளே போனது என்று திரும்பத் திரும்பச் சொல்.

பவர் பிரஸ்ஸில் நசுங்கியது, கரண்ட் அடித்துச் சின்னக் கரும்புள்ளி விட்டுப் போனது, இரும்புத் துணுக்கு உள்ளே தங்கியது, நகத்தோடு சதை பிய்ந்தது, எல்லாமே டாக்டர் பார்க்க வேண்டியவை. ஆழமாகக் குத்தி நிற்கிற துண்டைப் பிடுங்காதே. சூடு பட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டு. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, ஃபெவிக்விக், இன்சுலேஷன் டேப் எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது. மருத்துவருக்கு முதல் அரைமணி நேரம் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே போய்விடும்.

விரல் துண்டாகிப் போனால் பதறுகிற பதற்றத்தில் துண்டை நேராக ஐஸில் போட்டுவிடுகிறார்கள். சதை உறைந்து கெட்டுவிடும். துண்டை லேசாக அலசி, ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்று. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டு. அந்தப் பையைத் தண்ணீரும் ஐஸும் கலந்த இன்னொரு பைக்குள் வை. இப்படிக் குளிர்ச்சியில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டோடு போன கைக்கு அவ்வளவு நேரம் கிடையாது, ஏனென்றால் அதில் தசை இருக்கிறது. துண்டு நசுங்கியிருந்தாலும் எடுத்துக்கொண்டே போ, ஒட்டலாமா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். கையில் சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டுவதைவிட அழுத்திப் பிடிப்பதே மேல். டீயோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க நேரம் தள்ளிப்போகும். 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானதைச் சொல்லுங்கள். கோவையில் கங்கா மருத்துவமனை, சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை போலக் கை அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிற இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. உங்கள் பட்டறைக்கு அருகில் எது என்பதை அடிபடாத நாளிலேயே சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

சின்னக் காயம்தான், வீட்டுக்கே போய்விட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். துருவும் மண்ணும் பட்ட காயமாக இருந்து, டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுநாளே போட்டுக்கொள். இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் விண்விண் என்று தெறித்தால், விரல் முழுதும் வீங்கிப் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றால், நீட்டினால் உயிர் போகிற வலி என்றால், சீழ் தசைநாண் உறைக்குள் போயிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் ஒருநாள்கூட ஏமாற வேண்டாம்.

இன்னொன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடிபட்டவன் தன் காயத்துக்கு நீதிபதியாக இருக்க முடியாது. அன்றைக்கு முடிக்க வேண்டிய பீஸ் கணக்கு அவன் தலைக்குள் ஓடும். ஓவர்டைம் போய்விடும், பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்ற கூச்சம் வரும். ஆகவே பக்கத்து மெஷினில் நிற்கிற மூத்தவர் முடிவு செய்யட்டும். நீ மூத்தவனாகும் நாளில் வண்டியை எடு, பையனிடம் அபிப்பிராயம் கேட்காதே.

செலவுக்குப் பயந்தும் சிலர் போகாமல் விடுகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற பட்டறையில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலைக் காயத்துக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்கும். மூன்று நாளுக்குக் குறையாமல் வேலைக்கு வர முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். இந்தப் பணம் எதற்குத் தேவைப்படும் தெரியுமா? தசைநாண் தைத்த கைக்கு ஆறு வாரம் வரை ஸ்பிளிண்ட், அதற்குள்ளேயே தினமும் சொல்லித் தருகிறபடி விரல் பயிற்சி, பாரம் தூக்க ஏறக்குறைய மூன்று மாதம். தையல் பிரித்த மறுநாளே மெஷினுக்குத் திரும்புகிறவனுக்குத் தைத்தது மறுபடி அறுந்து போகும். பயிற்சியே செய்யாமல் கட்டோடு கிடந்தால் விரல் விறைத்துவிடும். ஆகவே இந்தப் பணம் தவறாமல் கிடைக்க, விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதச் சொல். நேரம், எந்த மெஷின், எந்த விரல், யார் பார்த்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். “வீட்ல கத்தி பட்டுச்சுன்னு சொல்லிக்கலாம் கண்ணு, செலவை நான் பாத்துக்கறேன்” என்று முதலாளி எவ்வளவு பாசமாகக் கேட்டாலும், டாக்டர் எழுதுகிற சீட்டில் பட்டறையில் பட்ட காயம் என்றே இருக்கட்டும்.