துணைமாந்தருக்கு எத்தனை பக்கம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சித்திரக்கதை என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிப்பர். பாடநூலை மூடிவைத்துவிட்டுப் பொம்மை பார்க்கும் வேலை என்பர். சொல்லிவிட்டுப் போகட்டும்! எங்கள் விடுதி உணவுக்கூடத்தில், தட்டில் ஊற்றிய ரசம் ஆறிப்போகும் வரை சில மாதங்களாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. அரசியல் வழக்கும் அன்று. திரைப்பட வழக்கும் அன்று. ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையில் துணைமாந்தருக்கு இவ்வளவு இடம் தரலாமா, அதற்காகக் கதையின் வேகம் குன்றலாமா என்பதே வழக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், வேதியியல் பயிலும் என் அறைத்தோழன். ஆண்டு மலர் எனக்குப் பக்கம் தந்திருக்கிறது, அவனுக்குத் தரவில்லை. ஆதலால் அவன் கட்சியையும் நானே நேர்மையாகச் சொல்லிவிடக் கடமைப்பட்டவன்.

ஜப்பானியர் தம் சித்திரக்கதையை 'மங்கா' என்பர். நான் கூறும் கதைக்கு 'சோசோ நோ ஃப்ரீரன்' என்று பெயர். கானேஹிதோ யமதா எழுத, சுகாசா அபே வரைய, 2020 ஏப்ரலில் 'ஷோனென் சண்டே' என்னும் வார இதழில் தொடங்கியது. 2021இல் 'மங்கா தாய்ஷோ' பரிசைப் பெற்றது. 2023 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை 28 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் வந்தது. பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்த நான், ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியின் துணைகொண்டே படித்தேன். பெயர்களுக்குப் பொருள் தேடப் போய், அவை ஜெர்மன் சொற்கள் என்று கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி தனி. ஃப்ரீரன் என்றால் உறைதல். ஃபெர்ன் என்றால் தொலைவு. ஸ்டார்க் என்றால் வலிமை. டென்கன் என்றால் எண்ணுதல்.

மற்றக் கதைகள் முடிகின்ற இடத்தில் இக்கதை தொடங்குகின்றது. ஹிம்மெல் என்னும் வீரன், ஹைட்டர் என்னும் மதகுரு, ஐசன் என்னும் குள்ளர் குலத்துப் போர்வீரன், ஃப்ரீரன் என்னும் மந்திரக்காரி ஆகிய நால்வரும் பத்தாண்டுப் பயணத்தில் அரக்கர் வேந்தனை வென்று ஊர் திரும்புகின்றனர். ஃப்ரீரன் 'எல்ஃப்' இனத்தவள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவள். பத்து ஆண்டு அவளுக்கு ஒரு பொருட்டன்று. ஐம்பது ஆண்டு கழித்து அவள் மீண்டும் வரும்போது ஹிம்மெல் கிழவனாகியிருக்கிறான். சிறிது காலத்தில் இறந்தும் போகிறான். இவனை அறிந்துகொள்ள முயலவே இல்லையே என்று அவன் அடக்கத்தில் அவள் அழுகின்றாள். இத்தனையும் முதல் அத்தியாயத்திலேயே! பின்பு ஹைட்டர் வளர்த்த ஃபெர்ன் என்னும் பெண்ணையும், ஐசனின் மாணவன் ஸ்டார்க்கையும் உடன் அழைத்துக்கொண்டு, இறந்தோர் ஆன்மா உறைவதாகச் சொல்லப்படும் வடகோடியை நோக்கி நடக்கின்றாள், ஹிம்மெலுடன் ஒருமுறை பேசிவிட.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. வடபீடபூமிக்குள் நுழைய வேண்டுமானால் முதல்வகுப்பு மந்திரவாதி ஒருவர் உடன் வரவேண்டும் என்பது விதி. ஆகவே ஃப்ரீரனும் ஃபெர்னும் தேர்வு எழுதச் செல்கின்றனர். ஐம்பது ஆண்டை ஓர் அத்தியாயத்தில் தாண்டிய கதை, இந்தத் தேர்வுக்கு இருபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்களை எடுத்துக்கொள்கின்றது. மறுநாள் சூரியன் மறைவதற்குள் மூவர் சேர்ந்து ஒரு சிறு பறவையைப் பிடிக்க வேண்டும் என்பது முதல் தேர்வு. அதற்குள் கன்னே, லவீனே, யூபெல், லாண்ட், ரிக்டர், லாஃபென், டென்கன் என்று புதுமுகங்கள் வரிசையாக வந்து நிற்கின்றனர். ஸ்டார்க் மந்திரவாதி அல்லன். ஆகவே தேர்வு முடியும் மட்டும் அவனுக்கு வேலையில்லை.

என் நண்பன் கட்சி இது: "வடக்கே போறேன்னு சொன்னவ ஒரே ஊர்ல உட்கார்ந்துட்டா. ஸ்டார்க்கைக் காணோம். யார்னே தெரியாத பத்துப் பேர் சண்டை போடுறாங்க. நான் எதுக்குடா பார்க்கணும்?"

அவன் சினத்திற்குக் காரணம் உண்டு. அசைபடத்தில் 18ஆம் பகுதி முதல் 28ஆம் பகுதி வரை இந்தத் தேர்வுதான். 2024 சனவரி முதல் மார்ச் வரை, வாரம் ஒன்றாகப் பதினொரு வாரம். அப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டே, வாரம் ஒரு முறை இன்னொருவர் எழுதும் தேர்வுக்காகக் காத்திருப்பது கொடுமையல்லவா? நானோ பருவ விடுமுறையில், கடலைக் கொல்லையில் காவல் இருந்த நான்கு நாளில், அத்தனையையும் ஒரே மூச்சில் படித்தவன். இயக்கவியலில் சராசரித் திசைவேகம் என்றும் உடனடித் திசைவேகம் என்றும் இரண்டு படிக்கின்றோம். வாரந்தோறும் பார்த்தவன் இரண்டாவதை அளக்கின்றான். சேர்த்துப் படித்தவன் முதலாவதை அளக்கின்றான். அளவுகோல் வேறாக இருக்கும்போது விடை எப்படி ஒன்றாகும்?

ஆனால் வேகக் கணக்கோடு வழக்கை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எனக்கு டென்கன் வேண்டும்.

டென்கன் ஒற்றைக்கண் கண்ணாடி அணிந்த கிழவர். பேரரசின் அவை மந்திரவாதி. பட்டமும் பதவியும் பெற்றவர், பேரப்பிள்ளை வயதினரோடு வரிசையில் நிற்கின்றார். ஏன் என்றால், அவருடைய மனைவியின் கல்லறை வடபீடபூமியில் இருக்கின்றது. அங்கே போய்வர வேண்டும். முதல் தேர்வில் மந்திர ஆற்றல் தீர்ந்துவிட்டபோது, மூத்தவர் என்ற கூச்சமே இல்லாமல் வெறுங்கையால் முட்டி மோதுகின்றார். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

சென்ற ஆண்டு அரசுப் பணிக்கான போட்டித் தேர்வு ஒன்றை எழுதப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. பட்டம் வாங்குமுன்பே 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழும் கையில் இருக்கின்றது. அந்த மிடுக்கோடு அமர்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் நரைத்த தலையுடன் ஒருவர். கறுப்பு மைப் பேனாவால் ஒவ்வொரு வட்டத்தையும் கோலம் போடுவது போல நிதானமாக நிரப்பினார். வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது, "இது எனக்கு ஏழாவது தடவை தம்பி, உங்களுக்கு?" என்றார். பேருந்து வந்ததும் போய்விட்டார். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, எந்த வேலைக்கு ஏங்குகின்றார், ஒன்றும் தெரியாது. அவர் கதையில் நான் பக்கத்து மேசைப் பையன். ஒரு வரி கிடைத்தால் அதிகம். இதைச் சொன்னபோது என் நண்பன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அவருக்காகக் கதையை நிறுத்த முடியுமாடா?" என்றான்.

யமதா நிறுத்தினார் என்பதுதான் என் வாதம். தேர்வுக்குப் பின் 'வைசே' என்னும் நகரத்தின் கதை வருகின்றது. மாஹ்ட் என்னும் அரக்கன் அந்நகரை மக்களோடு பொன்னாக்கிவிட்டிருக்கின்றான். டென்கனின் சொந்த ஊர் அது; மனைவி அடங்கிய மண்ணும் அது; அந்த அரக்கனோ ஒரு காலத்தில் அவருக்கு மந்திரம் கற்பித்த ஆசான்! அந்தப் பகுதி ஃப்ரீரனைவிட டென்கனுக்கே உரியது என்பேன். தேர்வில் அவருக்கு இடம் தராதிருந்தால், பொன்னாகிப்போன ஊரின் முன் அந்தக் கிழவர் நிற்கும்போது நமக்கென்ன வலிக்கும்? 'யாரோ ஒரு கிழவர்' என்று பக்கத்தைத் தள்ளியிருப்போம்.

ஃபெர்ன் தேர்வில் வென்றாள். ஆசிரியையான ஃப்ரீரன் தோற்றாள். வென்றவர்க்கு விரும்பிய மந்திரம் ஒன்று பரிசு. ஃபெர்ன் கேட்டது துணி வெளுக்கும் மந்திரம்! பேராற்றல் எதையும் கேளாமல் இப்படிக் கேட்டாளே என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் என் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணுடா" என்று ஒரே வரியில் தீர்ப்பு வழங்கிவிட்டார்.

எல்லாத் துணைமாந்தரும் டென்கன் ஆகிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாம் தேர்வில், பழைய கல்லறைக் குகைக்குள் அவரவர் உருவமே எதிரியாக வந்து மோதுகின்றது. கருத்து அருமை. ஆயினும் சில மோதல்களைச் சுருக்கியிருக்கலாம். இதைச் சொன்னதுதான் தாமதம், நண்பன் தாளும் எழுதுகோலும் எடுத்துவந்து, யார் யாரை நீக்கலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தான். முதல் பெயர் ரிக்டர். மந்திரக்கோல் கடைக்காரரான ரிக்டர் முதல் தேர்வில் கன்னேயையும் லவீனேயையும் எள்ளி நகையாடியவர். மழை பெய்ததும் அவர்களிடமே தோற்றவர். "அவனால என்னடா பயன்?" என்றான். இரண்டாம் தேர்வில் ஃபெர்னின் மந்திரக்கோல் உடைந்துபோகின்றது. ஹைட்டர் அவளுக்குத் தந்த கோல் அது. வேறு புதிதாக வாங்கிக்கொள்ளலாம் எனும்படி நொறுங்கிக் கிடந்த அதை, முணுமுணுத்துக்கொண்டே ஒட்டித் தந்தது யார் என்று கேட்டேன். பட்டியலில் ரிக்டரின் பெயரை அடித்துவிட்டான். லாஃபெனைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றோம்.