இரண்டாவது திறப்பு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல, வெலிமடைப் பக்கம் கார் வேன் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு தரம் வாசித்துவிடுங்கள். விஷயம் வாகனத் திறப்பு. இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். மலைப்பக்கம் இருக்கிற எங்களுக்கு நிறையவே இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வண்டிக்கு எத்தனை திறப்பு இருக்கிறது? ஆசிரியர் அறையில் இதைக் கேட்டுப் பார்த்தோம். வாகனம் வைத்திருந்த பலர் ஒரு விரலைத்தான் காட்டினார்கள். காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் தனியார் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த அதே விட்ஸ், அதே அக்வா, அதே வெகன் ஆர்தான் கை மாறிக் கை மாறி ஓடியது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஏதாவது ஒன்று குறைந்துபோகும். அநேகமாக அது இரண்டாவது திறப்பு.

"தொலைந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெட்டிக்கொள்ளலாம்தானே" என்பார்கள். பழைய டொல்பின் வேனுக்கும் த்ரீவீலுக்கும் அது சரி. இரும்பை வெட்டினால் வேலை முடிந்தது. இப்போதைய கார்த் திறப்பு அப்படியல்ல. அதற்குள் மூன்று சாமான் இருக்கிறது. ஒன்று, கதவைத் திறக்கும் இரும்பு. இரண்டு, தூரத்திலிருந்து பூட்டும் ரிமோட். மூன்றாவதுதான் முக்கியம்: அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப். அதற்குப் பற்றரி தேவையில்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து அதற்குச் சக்தி வரும். உடனே அது தன் இலக்கத்தைச் சொல்லும். காரின் கணினியில் அந்த இலக்கம் பதிவாகியிருந்தால்தான் எஞ்சின் ஓடும். இதைத்தான் இமோபிலைசர் என்கிறார்கள். கார்த் திருட்டைத் தடுக்க வந்தது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம்.

நமது பாஷையில் சொன்னால் அது வகுப்பு இடாப்பு மாதிரி. பிள்ளை வந்து வாங்கில் உட்கார்ந்தால் போதாது, இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். வெட்டிய இரும்பு கதவைத் திறக்கும். பெயர் இல்லாததால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. புரோகிராம் செய்வது என்றால் இடாப்பில் பெயர் எழுதுவது. தொலைந்த திறப்பை அழிப்பது என்றால் பெயரை வெட்டுவது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு நாங்கள் நான்கு ஆசிரியர்கள் ஒரே காரில் போய் வருகிறோம். எங்களில் ஒருவருடைய வெகன் ஆர். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வகை. வாங்கும்போதே ஒரு திறப்புத்தான் வந்தது. விளையாட்டுப் போட்டிப் பயிற்சி நடந்த ஒரு பின்னேரம் திடீரென்று மழை கொட்டியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். மழை விட்ட பிறகு பார்த்தால் திறப்பு இல்லை. மைதானத்து ஓரத்துக் கானில் தண்ணீர் இரண்டடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தேயிலைக்குள் இறங்கி இருட்டும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

கார் நின்றது தோட்டத்து ஒற்றை வழிப் பாதையில். கியர் பார்க்கில், ஸ்டியரிங் பூட்டியபடி. தள்ளவும் முடியாது, திருப்பவும் முடியாது. பின்னால் கொழுந்து லொறி வந்து நின்றது. கங்காணி ஐயா ஆட்களைக் கூப்பிட்டார். எண்ணூறு கிலோ அளவுள்ள காரைப் பத்துப் பேர் "ஏலேலோ" என்று தூக்கித் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லை சேர், எங்க பிள்ளைகளுக்குப் படிச்சுக் கொடுக்கத்தானே வாறீங்க" என்றார்கள்.

அன்றிரவு மேல் லயத்தில் ஒரு தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். வேறு நாளென்றாலும் பாடசாலை விடும் நேரத்தில் யாருக்காவது முடியாமல் போனால் இந்தக் காரில்தான் இறக்குவோம். அன்று கார் அங்கேயே நின்றது, ஆனால் ஓடாது. 1990 அம்புலன்ஸ் பிரதான வீதிக்கு வந்து நின்றது. அதுவரை அவரைக் குண்டும் குழியுமான பாதையில், மழையில், த்ரீவீலில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டே இறக்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர் சுகமாகி வந்துவிட்டார். ஆனால் அவர் மகன் அடுத்த நாள் அந்தக் காரின் பொனட்டில் கையை வைத்து ஒன்றும் பேசாமல் நின்றதை நாங்கள் நால்வரும் பார்த்தோம். மலையில் ஒரு வாகனம் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் உரியதல்ல. அதன் திறப்பும் அப்படித்தான்.

திறப்புச் செய்பவர் அடுத்த நாள்தான் மேலே வந்தார். முதலில் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேட்டார். அதைக் கேட்காமல் செய்து தருபவரிடம் போகாதீர்கள். அவர் நாளைக்கு உங்கள் காருக்கும் வேறொருவருக்குச் செய்து கொடுப்பார். பிறகு கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிளக்கில் மெஷினைக் கொழுவினார். ஒரு திறப்பாவது கையில் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது அநேகமான கார்களில் சின்ன வேலை. ஒன்றுமே இல்லையென்றால் கணினியின் பழைய பதிவையே மாற்ற வேண்டும். சில கார்களில் அந்தப் பெட்டியைக் கழற்றி உள்ளே வாசிக்க வேண்டும். நேரமும் கூட, காசும் பல மடங்கு. எங்களுக்குப் போனது ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் நல்லதொரு பங்கு. அதோடு மலை ஏறி வந்த கூலி வேறு.

அவரிடம் கேட்டும் பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறோம்.

ஒரு திறப்பு மட்டும் இருந்தால் இந்த மாதமே இரண்டாவதைச் செய்யுங்கள். ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று திறப்பு வாங்கிவிட்டுச் செய்பவரைத் தேடாதீர்கள். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த கார்களின் ரிமோட் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும், ஐரோப்பியக் கார்களுடையது 433. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காருடன் பேசாது. செய்பவரிடம் காரைக் காட்டிய பிறகு வாங்குங்கள். காரின் பற்றரி இறங்கியிருந்தால் அதை முதலில் சார்ஜ் செய்யுங்கள். பாதியில் கரண்ட் குறைந்தால் கணினிக்கே கேடு வரலாம்.

திறப்பு வேலை செய்யவில்லை என்றவுடன் புதிது செய்ய ஓடவும் வேண்டாம். அநேகமாக உள்ளே இருக்கும் காசு வடிவப் பற்றரிதான் முடிந்திருக்கும். பல திறப்புகளில் அது சீஆர் 2032. ஸ்மார்ட் கீயின் உள்ளே ஒரு சின்ன இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும், அதை இழுத்துக் கதவைத் திறக்கலாம். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டனில் முட்டவைத்து அழுத்தினால் அநேகமான கார்கள் ஓடும். கழற்றிய பழைய பற்றரியைப் பிள்ளைகள் கைக்குக் கிடைக்க விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக் குழாயைப் பொசுக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேரம் பேசும்போதே இரண்டு திறப்பையும் கேளுங்கள். இல்லை என்றால், புதிது செய்யும்போது பழையவற்றை அழித்துவிடச் சொல்லுங்கள். முந்திய சொந்தக்காரர் யாரிடம் கொடுத்தார், எங்கே விட்டார் என்று யாருக்குத் தெரியும்? கணினியில் பதிவு இருக்கும்வரை அந்தத் திறப்புக்கு உங்கள் கார் ஓடும். விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அலுமாரிக்குள் கிடக்கும் அந்த இரண்டாவது திறப்பு வண்டியை வாங்கியவருடையது. அதை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் எங்களுக்கு நினைவு வருவது கஃபாவின் திறப்பு. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது அந்தத் திறப்பு நபி (ஸல்) அவர்கள் கைக்கு வந்தது. அதைத் தங்கள் குடும்பத்துக்குத் தரும்படி நெருங்கிய உறவினரே விரும்பிக் கேட்டார்கள். நபியவர்கள் அதை உஸ்மான் பின் தல்ஹா (ரழி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் சூரா அன்னிஸாவின் 58ஆவது வசனத்தை விளக்கும்போது முபஸ்ஸிர்கள் பலர் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறார்கள். 1400 வருடம் கடந்தும் அந்தத் திறப்பு அதே ஷைபா குடும்பத்தில்தான் இருக்கிறது. 2024இல் அதை வைத்திருந்தவர் வபாத்தானபோதும் அதே குடும்பத்தில் இன்னொருவரிடம்தான் போனது.

இரண்டாவது திறப்பைச் செய்தால் அதையும் முதல் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்த்துவிடாதீர்கள். ஒன்றோடு ஒன்றாக இரண்டும் தொலையும். வீட்டில் ஒருவரிடம், அல்லது நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்து வையுங்கள். எங்கள் காரின் இரண்டாவது திறப்பு இப்போது தோட்டத்துக் கங்காணி ஐயா வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அவருடைய மகனுக்கு லைசன்ஸ் இருக்கிறது. நாங்கள் வகுப்பில் இருக்கும்போது யாருக்காவது முடியாமல் போனால் எங்களைத் தேடி வரத் தேவையில்லை, எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்தில் நேர்மையாகத் திறப்புச் செய்பவர் யாரென்று தெரிந்தவர்கள் அயலவருக்குச் சொல்லி உதவுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பகிருங்கள்.