நனையாத குதிகால்கள்

படைக்கலங்களைப் பற்றி எழுதுவது என்போன்றவனுக்கு உரிய பணியன்று. அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆயினும், கடந்த இரண்டு ஆண்டுகளாக வாரத்திற்கு இருமுறை, துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் பின்கட்டில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு மேசையின் முன் அமர்ந்து வருகிறேன். என் இளைய மகள் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பயில்கிறாள். அவளுக்குத் துணையாகச் செல்பவன் நான். அந்த மேசை எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றைத்தான் இங்கே எழுத விழைகிறேன். அது என் பிழையைப் பற்றிய பாடமாதலால், எழுதுவது கடமை என்றும் தோன்றுகிறது.

அவள் முதலில் பயின்றது காற்றுத் துப்பாக்கியில். கை நிலைத்துவிட்டது என்று கண்ட பயிற்சியாளர், தோட்டா இடும் கைத்துப்பாக்கிக்கு அவளை மாற்றினார். "ஹஜ்ரத் வீட்டுப் பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று உறவினர் கேட்டனர். அவர்களுக்கு நான் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் செய்தியை எடுத்துரைத்தேன். முதுமை எய்திய பின்னும் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அவர்கள் அம்பெய்து பழகியதையும், இந்த வயதில் ஏன் இந்தச் சிரமம் என்று ஒருவர் வினவியபோது, அம்பெய்தலைக் கற்றபின் கைவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை விடையாகச் சொன்னதையும் ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். உறவினர் வாயடைத்தனர். ஆனால் என் மனம் வாயடைத்ததா என்பது வேறு செய்தி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சொல்லாராய்ச்சியில் பழகிய மனத்திற்கு எந்தப் பொருளும் முதலில் சொல்லாகவே தோன்றும். நாம் வழங்கும் 'துப்பாக்கி' துருக்கிச் சொல்லின் வழி வந்தது என்பர். அரபியரோ 'புந்துக்கிய்யா' என்கின்றனர். 'புந்துக்' என்பது ஒருவகைக் கொட்டை. அக்கொட்டையளவு உருண்டைகளை வில்லில் வைத்து எய்த காலத்துப் பெயர், வெடிமருந்து வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. கைத்துப்பாக்கிக்கு இன்றைய அரபியில் 'முஸத்தஸ்' என்று பெயர். ஆறு என்னும் எண்ணிலிருந்து பிறந்த சொல் அது. ஆறடிக் கவிதைக்கும் அதே பெயர்தான். கவிதையும் கைத்துப்பாக்கியும் ஒரே பெயரைத் தாங்குவதை என் மகளிடம் சொன்னபோது, "இரண்டுக்கும் எண்ணிக்கை தப்பக் கூடாது அத்தா" என்றாள்.

அவள் கையாளும் தோட்டா 5.6 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் தீப்பற்றும் மருந்து தனிக் குமிழாக வைக்கப்பட்டிருக்கும். இச்சிறு தோட்டாவில் அம்மருந்து, அடியைச் சுற்றியுள்ள விளிம்பின் உட்புறத்திலேயே பரப்பப்பட்டிருக்கிறது. சுடும் ஊசி நடுவில் தட்டுவதில்லை, விளிம்பைத்தான் நசுக்குகிறது. பிரான்சு நாட்டு ஃப்ளோபேர் 1845-இல் இம்முறைக்கு வழிகோலினார். இன்று உலகெங்கும் வழங்கும் 'லாங் ரைஃபிள்' என்னும் வடிவம் அமெரிக்காவில் 1887-இல் வந்தது. மலிவானது; உதைப்புக் குறைந்தது; குறி பழகுவோர்க்கு ஏற்றது. ஆனால் அழுக்கு மிகுந்தது. அதன் குண்டு வெறும் ஈயம். அந்த ஈயத்தின்மீது மெழுகுப் பூச்சு. ஒவ்வொரு முறை சுடும்போதும் எரிந்த மருந்தின் கரியும், உருகிய மெழுகும், ஈயத் துகளும் கலந்து கருவியின் உள்ளெங்கும் படிகின்றன. வெடிப்பின் உந்துதலாலேயே உள்ளிருக்கும் போல்ட் பின்னே சென்று வெற்று உறையைத் தள்ளிவிட்டு முன்னே வருவதால், அந்தக் கசடு குழலோடு நிற்பதில்லை, பின்புறமும் ஊதப்படுகிறது.

முற்காலத்துத் தோட்டாக்களின் நிலை இன்னும் கொடியது. தீப்பற்றும் மருந்திலிருந்த ஒருவகை உப்பு குழலுக்குள் தங்கி, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, விரைவிலேயே துருவேற்றிவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். எனவே அக்காலத்தார் இரும்புக் குழலை வெந்நீரால் கழுவி உலர்த்திய பின்னரே எண்ணெய் பூசினர். 1920-களில் துருவேற்றாத மருந்து வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. நீரால் முதலில் கழுவு, பின்னரே மெருகிடு என்னும் வரிசை, உளூச் செய்து பழகிய நமக்குப் புதியதன்று.

இனி, மேசைமேல் நடப்பதைச் சொல்கிறேன். முதற்செயல், தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றி அப்பால் வைப்பது. அடுத்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறை வெறுமையாக உள்ளதா என்று கண்ணால் காண்பது. கண்டபின் மறுபடியும் காண்பது. இவ்வளவும் குழல்வாய் யாரையும் நோக்காதிருக்கும் நிலையில் நிகழ வேண்டும். வெறுமையென்று உறுதியான கருவியையும் எவர் பக்கமும் திருப்பலாகாது என்பது அங்கே உடையாத சட்டம். அம்புடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர் அதன் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், உருவிய வாளைக் கைக்குக் கை கொடுக்கலாகாது என்றும், விளையாட்டாகவேனும் சகோதரனை நோக்கிப் படைக்கலத்தை நீட்டலாகாது என்றும் ஹதீஸ்களில் ஓதிக்கொடுத்த எனக்கு, அந்தச் சட்டம் அந்நியமாகத் தோன்றவில்லை.

பிறகு பிரித்தல். போல்ட், அதன் சுருள்வில், வில்லைத் தாங்கும் கம்பி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். வெள்ளைத் துணியின்மீது, வெளிவந்த வரிசையிலேயே அவள் அவற்றை வைப்பாள். பூட்டும்போது அவ்வரிசை தலைகீழாகத் திரும்பும். வில் தெறித்துக் கண்ணில் படலாமாதலால் மூக்குக் கண்ணாடி அணிந்திருப்பாள். குழலைப் பின்பக்கமிருந்து முன்னோக்கியே துடைக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் குழல்வாயின் விளிம்பு; அதில் ஊசிமுனையளவு கீறல் விழுந்தாலும் குறி பிறழும். துப்புரவுக் கோல் அவ்விளிம்பில் உரசலாகாது என்பதற்கே இந்தக் கவனம்.

எண்ணெயைப் பொறுத்தவரை நான் எண்ணியிருந்ததற்கு நேர்மாறு. தாராளமாக ஊற்றுவதே நலம் என்பது என் எண்ணம். மிகுந்த எண்ணெய் கரியைப் பற்றிச் சேறாக்கிவிடும். உராயும் இடங்களில் ஒரு துளியைத் தடவித் துடைத்துவிட்டால் போதும் என்றார் பயிற்சியாளர். இன்னொரு வியப்பும் உண்டு. நன்கு துடைத்த குழலில் முதலில் சுடும் சில குண்டுகள் சற்றே விலகிப் பாயும். ஈயமும் மெழுகும் மெல்லிதாகப் படிந்த பின்னரே குழல் தன் இயல்புக்கு வரும். ஆதலால் குழலை அளவுக்கு மிஞ்சித் தேய்ப்பதில்லை. ஆனால் தோட்டா அறையும், போல்ட்டின் முகமும், வெற்று உறையின் விளிம்பைப் பற்றியிழுக்கும் சிறு கொக்கியும் அப்படியல்ல. அவற்றை ஒவ்வொரு முறையும் துடைத்தாக வேண்டும். எல்லாம் முடிந்தபின், ஈயம் நஞ்சாகையால், எதையும் உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பிரிப்பது எளிது, பூட்டுவதே கடினம் என்பதற்குப் பயிற்சியாளர் ஒரு கதை சொல்வார். அமெரிக்காவில் ரூகர் என்பவரின் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட கைத்துப்பாக்கி பெரும்புகழ் பெற்றது. ஆனால் துடைத்துவிட்டுப் பூட்டும்போது, அதன் சுத்தியலோடு இணைந்த சிறு தண்டு சரியான குழியில் அமர வேண்டும். அதற்காகக் கருவியைச் சாய்த்தும் கவிழ்த்தும் மக்கள் அல்லற்பட்டனர். ஒரு பொத்தானை அழுத்தினால் பிரியும் வடிவம் 2016-இல்தான் வந்தது. இடைப்பட்ட 67 ஆண்டுகளில், பூட்டத் தெரியாமையாலேயே துடைக்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ என்று அவர் சிரிப்பார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

மாவட்ட அளவிலான ஒரு போட்டிக்கு முந்தைய மாலை அது. பயிற்சி முடிந்து அவள் கருவியைப் பிரித்து வைத்திருந்தாள். மஃரிப் பாங்குக்குச் சிறிது நேரமே இருந்தது. "சீக்கிரம் முடிம்மா, தொழுகைக்கு நேரமாகிறது" என்றேன். "இன்னும் கொஞ்ச வேலைதான் அத்தா, கொக்கியை மட்டும் பார்த்துவிடுகிறேன்" என்றாள். "நேற்றுத்தானே துடைத்தாய்? பூட்டி ஒப்படைத்துவிட்டு வா" என்றேன். அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேசாமல் பூட்டினாள், கருவியைச் சங்கத்தின் காப்பறையில் ஒப்படைத்தாள், நாங்கள் கிளம்பினோம்.

மறுநாள் போட்டி. அதில் மொத்தம் 60 குண்டுகள். முதல் 30, ஐந்து ஐந்தாக நிதானமாகச் சுடுவது. அடுத்த 30, விரைவாகச் சுடுவது. இலக்கு 7 வினாடி மறைந்திருந்து 3 வினாடி தோன்றும், அந்த மூன்று வினாடிக்குள் தாழ்த்திய கையை உயர்த்தி ஒரு குண்டு சுட வேண்டும். முதற்பகுதியில் அவள் முன்னணியில் நின்றாள். விரைவுப் பகுதியில் ஒரு வெற்று உறை வெளியே தெறிக்காமல் வாயிலிலேயே சிக்கிக்கொண்டது. கருவியை இலக்கின் பக்கமே நிறுத்தியவாறு மறுகையை உயர்த்தினாள். நடுவர் வந்து பார்த்து மறுவாய்ப்பு அளித்தார். சற்று நேரத்தில் மறுபடியும் அதுவே நிகழ்ந்தது. இரண்டாம் முறைக்கு விதி இடங்கொடுக்கவில்லை. சுடாத குண்டுகள் சுழியமாயின. மேற்போட்டிக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அவ்வாறே கைநழுவியது.

பயிற்சியாளர் அந்தக் கொக்கியின் அடியில் ஒரு மெல்லிய குச்சியை விட்டு நெம்பினார். மெழுகும் கரியும் ஈயமும் இறுகிய ஒரு கருந்துணுக்கு வெளிவந்தது. எள்ளளவுகூட இல்லை. "நேற்று இதைத் துடைக்கவில்லையா?" என்றார். அவள் சொன்னாள்: "இல்லை சார். என் தப்புதான்."

மூன்றடி தொலைவில் நான் நின்றிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால்கூட என் நெஞ்சு அவ்வளவு வலித்திராது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாணவர்க்கு எத்தனையோ முறை நான் நடத்திய ஒரு ஹதீஸ் நினைவில் எழுந்தது. ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருங்கிவிட்டதென்று தோழர்கள் விரைந்து உளூச் செய்தனர்; சிலருடைய குதிகால்களில் நீர் படவில்லை. பின்னால் வந்து சேர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனையாத அக்குதிகால்களுக்காக உரத்த குரலில் எச்சரித்தார்கள். அத்தோழர்களின் அவசரம் தொழுகைக்கான அவசரமே. ஆயினும் அது குறையை ஈடுசெய்யவில்லை.

என் அவசரமோ அதுகூட அன்று. இதை எழுதக் கை கூசுகிறது, எழுதத்தான் வேண்டும். மஃரிபின் நேரம் செவ்வானம் மறையும்வரை இருக்கிறது என்று அறியாதவனா நான்? சங்கத்தின் தாழ்வாரத்திலேயே தொழுதிருக்கலாம். உண்மையில் நான் அஞ்சியது மாலை வேளையில் அங்கே வரும் கூட்டத்தை. என் மாணவர்களின் தந்தையர் சிலர் அதில் உண்டு. தாடியும் தொப்பியுமாக ஒரு ஹஜ்ரத், துப்பாக்கி துடைக்கும் மகளருகில் அமர்ந்திருப்பதை அவர்கள் காணலாகாது என்பதே என் உள்ளத்தின் அடியில் கிடந்த எண்ணம். உறவினரின் வாயை உக்பா (ரலி) அவர்களைக் கொண்டு அடைத்தவன், என் அச்சத்தைத் தொழுகையைக் கொண்டு மூடினேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் உள்ளத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டு, அதில் படியும் கறையைப் பற்றி விரித்துரைப்பார்கள். அந்தப் பகுதியைப் பாடம் சொல்லியிருக்கிறேன். என் கண்ணாடியின் கறை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க, எள்ளளவுத் துணுக்கு ஒன்று வெளிவர வேண்டியிருந்தது.

மறுவாரம் சங்கத்திற்குச் சென்றதும் பயிற்சியாளரிடம், "அன்று அவளை விரைவுபடுத்தியவன் நான், பழி அவளுடையதன்று" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் மகள் அதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை" என்றார். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தா, அடுத்த வருடமும் போட்டி வருமே" என்றாள். சொல்லிவிட்டு, பிரித்த போல்ட்டை என் பக்கம் நகர்த்தி, "கொக்கி சுத்தமா இருக்கா, நீங்களே பாருங்க" என்றாள். பயிற்சியாளர் தலையசைத்தார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் கருமை இருந்தது. சொன்னேன். அவள் மறுபடியும் துடைத்தாள்.

அன்றுமுதல் அது என் பணியாயிற்று. பூட்டுமுன் அவள் காட்டுவாள்; நான் பார்ப்பேன். மாலைக் கூட்டம் வரும். என் மாணவர்களின் தந்தையர் ஸலாம் சொல்லிக் கடந்து செல்வர். நானும் பதில் சொல்வேன். பாங்கு ஒலித்ததும் கையிலுள்ள வேலையை முறையாக முடித்து, கருவியை ஒப்படைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உளூச் செய்து, தாழ்வாரத்தில் இருவருமாகத் தொழுகிறோம். குதிகால்களுக்கு நீர் விடும்போது மட்டும் நான் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் செயல்களின் மூலை முடுக்குகளில் தங்கும் கறைகளை நமக்குக் காட்டித் தருவானாக. அவற்றைச் சுட்டிக்காட்டும் பிள்ளைகளையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.