கை ஸ்கிரிப்ட்டுக்கு, கண் அக்காவுக்கு!

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில், டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாலை ஐந்து மணி ஆனால் கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பில் வந்தால்தான் வண்டி கிளம்பும்.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. எங்களுக்கு தினமும் முப்பது பில். ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தொகை, தூரம், வண்டி எண் என எல்லாவற்றையும் எங்கள் ஆபீஸ் அக்கா ஒருவர்தான் தட்டுவார். பிறகு ஒவ்வொன்றாக டவுன்லோட் செய்து பிரின்ட் எடுப்பார். முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். கழுத்துவலி தைலம் அவர் மேஜையிலேயே இருக்கும்.

யூடியூப் பார்த்து பைத்தான் கற்றுக்கொண்டேன்; கூடவே செலினியம். வலைத்தளங்களைச் சோதித்துப் பார்க்க 2004-ல் அமெரிக்காவில் உருவான கருவி அது. லாகின் மட்டும் நாங்கள் செய்தால் போதும். எக்ஸெலைப் படித்து, ஆள் தட்டுவதுபோலவே கட்டங்களை நிரப்பி, பில்லையும் இறக்கிவைத்துவிடும். முதல் நாள் இருபதே நிமிடத்தில் வேலை முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நாளையிலேர்ந்து எனக்கு என்ன வேலை தம்பி?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு மாலை. சும்மா உட்கார முடியாமல் பிரின்ட்களைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா, "தம்பி, வண்டிய விடாதே! பெங்களூரு வண்டி நம்பர் புனே பில்லுல இருக்கு" என்றார்.

எக்ஸெலில் ஒரு வண்டி எண்ணை நான்தான் அவசரத்தில் இருமுறை ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழே இருந்த எண்களெல்லாம் ஒரு வரி இறங்கிவிட்டன. அடுத்தடுத்த ஆறு லாரிகளின் முதல் பில்லிலும் முந்தைய லாரியின் எண்! கையால் தட்டியிருந்தால் ஒரு பில்லோடு போயிருக்கும். ஸ்கிரிப்ட் தப்பையும் அதே வேகத்தில் செய்துவிட்டது. வழியில் சோதனையில் சிக்கியிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பார்கள், அபராதம் வேறு.

நல்லவேளை, வண்டி எண்ணைத் தளத்திலேயே மாற்றலாம். வேறு விவரம் தவறென்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்துசெய்து புதிதாகப் போட வேண்டும். இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். ஏழரைக்குக் கடைசி லாரி கிளம்பியது.

மறுநாள் ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். கட்டங்கள் நிரம்பியதும் அது நின்றுவிடும். அக்கா பார்த்து 'சரி' என்றால்தான் பில் போகும். இருபது நிமிடம் நாற்பதானது. பரவாயில்லை!

மொத்தமாகப் பதிவேற்றும் வசதி அந்தத் தளத்திலேயே இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருந்தால், முதலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நாங்களும் அதற்கு மாறப்போகிறோம். எதற்கு மாறினாலும், கடைசிப் பார்வை அக்காவுடையதுதான்.

தைலம் இன்னும் மேஜையில் இருக்கிறது. மூடி திறந்துதான் பல நாளாயிற்று.