எங்கள் வீட்டுக் குளிர்சாதனம்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது, முத்துக்குளித்தலைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் எண்ணினேன். தூத்துக்குடிக்காரன் வேறெதைப் பற்றி எழுதுவான்? ஆனால் எங்கள் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; அதை என் தகப்பனாரே பார்த்ததில்லை. நான் கண்ணாரக் கண்டு, கையாரத் தொட்டு, மனமார வைததெல்லாம் எங்கள் வீட்டு ஏசியைத்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.

எங்கள் ஆச்சி நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். விடியுமுன் இருட்டிலே போய், வெயில் உச்சிக்கு ஏறியதும் வீடு திரும்பி, பனையோலைச் சாய்ப்பின் கீழே முந்தானையை விரித்துப் படுத்துவிடுவார்கள். கையிலே ஓர் ஓலை விசிறி, அவ்வளவுதான். அந்தச் சாய்ப்பைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். கல்லூரி நண்பர்கள் வந்தால் ஓலை வீடு என்பார்களே என்ற வெட்கம் எனக்கு. அதை வெளியில் சொல்லாமல், இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை ஓலை மாற்றும் செலவு மிச்சமென்று அப்பாவிடம் கணக்குக் காட்டினேன்.

முதல் சித்திரையிலேயே கணக்குப் பொய்த்தது. காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதைக் கக்கியது. மின்விசிறியோ அந்த வெக்கையையே எங்கள்மேல் தள்ளியது. ஆச்சிக்கு மூச்சு முட்டும். நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தால் வாசற்படியிலே உட்கார்ந்திருப்பார்கள். “ஒண்ணுமில்லல, நீ போய்ப் படு” என்பார்கள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கோவில்பட்டி மாமா தம் வீட்டு ஏர்கூலரைக் கொடுத்தனுப்பினார். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குக் காற்று காய்ந்திருக்க வேண்டும். கரிசல் பூமிக்கு அது சரி. எங்கள் ஊரிலும் கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் ஓரளவு உதவியது. கடற்காற்று திரும்பியதும் அறை இட்லிக் கொப்பரையாகிவிட்டது! வில்லிஸ் கேரியர் 1902-இல் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றுக்காகத் தம் பொறியை அமைத்ததே, காகிதத்தைக் கெடுத்த ஈரத்தை அடக்கத்தானாம். அந்த ஈரம் எங்களுக்கும் பகையல்லவா?

அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பழைய ஏசி ஒன்று வீட்டுக்கு வந்தது. ‘ஒரு டன்’ என்றார்கள். தூக்கி வந்த இருவருக்கும் மூச்சு வாங்கவில்லையே, இதுவா ஒரு டன் என்று ஆச்சி கேட்டார்கள். நல்ல கேள்வி. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவை ஒரு நாளில் இந்தப் பொறி வெளியேற்றும் என்பதே பொருள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். பனிக்கட்டியின் காலம் போயும் அதன் கணக்கு மட்டும் நிற்கிறது.

ஆச்சி ஓராண்டு நன்றாக உறங்கினார்கள். அடுத்த பங்குனியிலே வெறுங்காற்று வந்தது. ஒருவர் வந்து பார்த்து, “கேஸ் குறைஞ்சிருச்சு தம்பி” என்று நிரப்பிப் பணம் வாங்கிப் போனார். இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தார். பிறகு மூன்றாம் முறையும். மூடிய குழாய்க்குள்ளே சுற்றி வரும் வாயு, எங்கும் ஒழுகாமல் எப்படிக் குறையும்? இயற்பியல் படிக்கிற நான் இதைக் கேட்கவில்லை! அதுவோ ஆர்-22 என்னும் வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பவற்றை ஒழிக்க 1987-இல் மாண்ட்ரியலில் உருவான உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டு வருவது. எங்கள் காசும் ஓசோனும் ஒரே ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

நான்காம் முறை வேறொரு அண்ணாச்சி வந்தார். கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் இருந்த அவுட்டோர் யூனிட்டைத் திறந்து விரலால் தொட்டார். அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. குழாயின் வளைவிலே சோப்பு நுரையைத் தடவினார், குமிழ் கிளம்பியது.

“செம்பும் அலுமினியமும் ஒட்டிக் கெடக்கு, நடுவுல உப்பு ஈரம். பாட்டரி மாதிரிதான் தம்பி. அலுமினியம் கரைஞ்சிரும்” என்றார். அப்பாடத்தை நான் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன்.

காயிலை மாற்றும் செலவு பழைய பொறிக்குத் தகாது என்று அவரே சொல்லிவிட்டார். அப்பா துறைமுகத்தில் இரவு வேலையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். தவணையில் புதிது வந்தது. இதில் ஆர்-32. ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பற்றக் கூடியது, பூமியைச் சூடாக்கவும் செய்யும். அண்ணாச்சி அதை மேற்குப் பக்கம், காற்றோட்டமுள்ள நிழலில் மாட்டினார். “பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா கரண்டை நிப்பாட்டிட்டு நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். போர் தண்ணியத் தொட்டுராத, அதுவும் உப்பு.”

நல்ல தண்ணீர் என்றால் வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். அதை ஏசிக்கு ஊற்றுவதா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு நடக்கிறது. இரண்டு வாளிக்கு மேல் கிடையாது என்பது தீர்ப்பு.

சென்ற தை மாதம், ஆச்சி கேட்காமலே, மொட்டை மாடியில் பனையோலைக் கொட்டகை போட்டோம். ஓலை கட்டியது நானும் அப்பாவும். கீழே அறையில் சூடு குறைந்தது. ஏசியை 26-இல் வைத்தாலே போதுமாயிருக்கிறது. சங்கிலி இன்னும் மீளவில்லை. ஞாயிறு காலை நான் வாளியோடு போனால், ஆச்சி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏல, எனக்குத் தலைக்கு ஊத்துனதவிட அதுக்கு நல்லா ஊத்துத!” என்கிறார்கள்.