மாசியில் கடலோரம்: ஈரோட்டிலிருந்து வழி பார்க்கப் போனபோது

கொடுமுடி தாண்டியதும் ரோட்டோரம் ஒரு மஞ்சள் களம். வேகவைத்த மஞ்சள் களம் நிறையப் பரப்பிக் கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆனாலும் களத்தின் நாலு மூலையிலும் படுதாவைச் சுருட்டி, மேலே கல் ஏற்றி வைத்திருந்தார்கள்.

“ஏனுங்க, வெயில் இப்படிக் காயுது, படுதா எதுக்குங்க?” என்று களத்துக்காரப் பெரியவரிடம் கேட்டேன்.

“மாசிய நம்பக் கூடாதுங்க கண்ணு. ரெண்டு நாளா கெழக்குக் காத்துல ஈரம் இருக்குது. இதப் பாருங்க” என்று ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்துக் காட்டினார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் கணீரென்று சத்தம் போட்டு முறியும். இது வளைந்து கொடுத்து, சத்தமில்லாமல் பிரிந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஈரம் மினுங்கியது. களத்தில் பத்துப் பதினைந்து நாள் காய வேண்டிய பொருள் அது. நடுவில் ஒரு மழை விழுந்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் மார்க்கெட்டில் விலை போய்விடும்.

நானும் என் நண்பரும் கிளம்பியது எங்கள் அக்கா குடும்பத்துக்கு வழி பார்க்க. வேன் பேசி, பெரியவர்கள் குழந்தைகளோடு நாகப்பட்டினத்தில் கடலைத் தொட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே இறங்கி, தனுஷ்கோடி வரை போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம், சித்திரையில் வெயில் தாங்காது, ஆகவே மாசிதான் தோது என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை. தமிழகக் கடலோரத்தில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்களில் பிப்ரவரியும் ஒன்று. சிக்கல் என்னவென்றால், அந்தக் குறைந்த மழை கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்வதில்லை. பல ஆண்டுகள் ஒன்றுமே இல்லாமல் போகும், ஓர் ஆண்டு மூன்றே நாளில் மொத்தமாகக் கொட்டும்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் அப்படித்தான் ஆனது. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் தண்ணீரில் சாய்ந்தது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதற்கு முன் 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில் பெய்த மழையும் இதே வயல்களைத்தான் அழித்தது. வடகிழக்குப் பருவமழையின் கணக்கு டிசம்பரோடு முடிந்தாலும் கீழைக்காற்று உடனே அடங்கிவிடுவதில்லை. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு சுழற்சி உருவானால் போதும், அந்தக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரைக்கு வந்துவிடும்.

ஈரோட்டிலிருந்து நாகப்பட்டினம் கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் சுமார் 280 கி.மீ. விடியுமுன் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாசியில் நான் அதைச் சொல்ல மாட்டேன். காவிரிக் கரையோரம் அதிகாலையில் பனி இறங்கும் நாட்களில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு பக்கத்தில் போகும்வரை தெரிவதில்லை. தஞ்சாவூர் தாண்டினால் இன்னொன்று: சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல் எடுப்பார்கள் என்பதால் களம் இல்லாதவர்களுக்குத் தார்ச்சாலைதான் களம். பகலில் அதைச் சுற்றி ஓட்டிவிடலாம். இருட்டிய பின் கறுப்புத் தார்ப்பாய் மூடிய குவியலும், அது பறக்காமலிருக்க வைத்த கருங்கல்லும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறியபின் கிளம்பி, விளக்கு வைக்குமுன் தங்கும் ஊரில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அந்த நெல்லின் மேல் வண்டியை ஏற்றாமல் நிதானமாகப் போவது, நம்முடைய பாதுகாப்புக்கு மட்டுமல்ல, அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதையும்கூட.

நாகூர், வேளாங்கண்ணி பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்தாலும் அங்கே கூரை உண்டு, சாப்பாடு உண்டு, திருவாரூர் வழியாகத் திரும்பவும் ரோடு உண்டு. கவனமாகப் பார்க்க வேண்டியது அதற்குத் தெற்கே.

வேதாரண்யத்தில் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போனோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறிய மண். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் சேர்த்துச் சுமார் 9,000 ஏக்கர் உப்பளம். பருவமழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளைத் தை மாதம் முழுக்கச் சேறு வாரி, தரையை மிதித்து இறுக்கி, அப்போதுதான் உப்பு நீரை விட்டிருந்தார்கள். ஒரு தொழிலாளி கண்ணாடிக் குழலை நீரில் மிதக்கவிட்டு உப்பு நீரின் அடர்த்தியை டிகிரியில் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். அது வற்றி வற்றி 25-ஐத் தொட்டால்தான் பாத்தியில் உப்புப் பூக்கும். அவர் காட்டிய குழல் பதினெட்டில் நின்றது.

“ஒரு மழ அடிச்சா என்னாகுங்க?”

“என்னாகும் தம்பி, பழையபடி ஆரம்பத்துலேருந்துதான். தண்ணி போனாக்கூடப் பரவால்ல, மிதிச்ச தரை எளகிடும். திரும்ப மிதிக்கணும்.” கிழக்கே ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “காத்து வாடையா இருக்கறவரைக்கும் பயமில்ல. கொண்டலாத் திரும்பினா நீங்களும் கோடியக்கரை போவாதீங்க. காட்டுக்குள்ள வண்டி எறங்கிடும்.”

வாடை வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. கொண்டல் கிழக்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வருவது. கொடுமுடிப் பெரியவர் விரலி மஞ்சளில் பார்த்ததையே இவர் முகத்தில் படும் காற்றில் பார்த்தார். இருவருக்கும் நடுவே காவிரி ஓடும் தூரம். மழை வருமா வராதா என்பதில் பிழைப்பே அடங்கியிருப்பவர்களிடம் கேட்காமல், செல்போனில் வரும் மேகப் படத்தை மட்டும் பார்த்து வேன் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையைப் பார்க்கத்தான் வேண்டும். அதிலும் மீனவர்களுக்கான எச்சரிக்கைப் பகுதியை முதலில் படிக்க வேண்டும். ‘வளிமண்டல கீழடுக்கு சுழற்சி’ இலங்கையை ஒட்டி இருப்பதாகச் சொன்னால் திட்டத்தைத் தள்ளிப்போட யோசிக்கலாம்.

கோடியக்கரையில் அன்று வெயில்தான். சரணாலயத்தில் வெளிமான்கள் புல்வெளியில் நின்றன. சதுப்பில் பூநாரைகள் தூரத்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. அவை கிளம்பிப் போகும் காலம் நெருங்குகிறது. ஆகவே மாசிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் இதை இழக்க நேரிடலாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய பகுதி இது. மரங்களை இழந்த இடங்கள் இன்னும் தெரிகின்றன.

இங்கிருந்து தெற்கே ஓட்டும்போதுதான் திட்டம் எனக்குத் தெளிவானது. கடலோரச் சாலையில் எங்கே தங்குவது என்பதைவிட எங்கே உள்நாட்டுக்குத் திரும்பலாம் என்பதுதான் பெரிய கேள்வி. வேதாரண்யத்தில் வானம் கறுத்தால் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி. அதிராம்பட்டினத்தில் என்றால் பட்டுக்கோட்டை ஏறித் தஞ்சாவூர். கட்டுமாவடியில் அறந்தாங்கி, புதுக்கோட்டை. தொண்டியில் திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி. இராமநாதபுரத்தில் பரமக்குடி, மதுரை, திண்டுக்கல் வழியாக ஊருக்கே வந்துவிடலாம். கரையோரமாக மணிக்கொரு வாசல் இருப்பதுபோல இவை வந்துகொண்டே இருக்கின்றன. இராமநாதபுரம் தாண்டிய பிறகு வாசல் கிடையாது. பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி மூன்றுக்கும் போகவும் வரவும் ஒரே ரோடு.

பாம்பனில் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் நின்றால் அந்த நிலைமை புரியும். காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் போக 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலே எழும். காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு பழைய ரயில் பாலத்திலேயே இருந்தது. ரயிலுக்கு இருக்கும் அந்த ஏற்பாடு வேனுக்கு இல்லை, ஓட்டுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்க இறங்குவதைக் குழந்தைகளோடு செய்யவே கூடாது.

தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனையில் இடப்பக்கம் அலை கொதித்தது, வலப்பக்கம் குளம்போலக் கிடந்தது. இடப்பக்கத்துப் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் வலப்பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் குணம் மாறிவிடும், பெண்கடல்தான் சீறும். ஆகவே மாசியில் குழந்தைகள் கால் நனைக்க வலப்பக்கம்தான், அதுவும் கரையோரம் மட்டும். ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தது. 1964 டிசம்பரில் ஓர் இரவில் ஓர் ஊரையும் பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோன இடம் என்பதை மறந்துவிட்டு யாரும் இங்கே வரக்கூடாது. சாயங்காலத்துக்குமேல் சாவடியில் வண்டியை விடுவதில்லை. அந்தக் கண்டிப்பு மிகச் சரி.

இராமேசுவரம் துறைமுகத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். “டோக்கன் குடுத்தாங்களான்னு கேளுங்கண்ணே, வேற எதுவும் கேக்க வேணாம்” என்றார். மீன்வளத் துறை அனுமதி டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கடலுக்குப் போகலாம். காற்று மோசமென்றால் டோக்கன் கிடையாது. படகுகள் நிற்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது, அவை எல்லா நாளும் போவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் கேட்கவும் தேவையில்லை.

இராமநாதபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அக்காவுக்கு போன் போட்டேன்.

“தம்பி, ரூமெல்லாம் போட்டரலாமா?”

“வேளாங்கண்ணிக்கு மட்டும் போடுங்கக்கா. இராமேசுவரத்துக்கு இப்பப் போட வேண்டாம். கெளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம் அறிக்கையப் பார்த்துட்டு, தொண்டி வந்ததும் இராமேசுவரத்துல ஒருத்தர்கிட்ட டோக்கன் விசாரிச்சுட்டுச் சொல்றேன். இல்லீன்னா அங்கிருந்தே காரைக்குடிக்குத் திருப்பிக்கலாம்.”

“பசங்க தனுஷ்கோடி தனுஷ்கோடின்னு இருக்கறாங்களே?”

“காத்து விட்டா கூட்டிட்டுப் போறேனுங்கக்கா. விடலீன்னா செட்டிநாட்டு வீடுகளப் பாக்கட்டும்.”